எறும்பு வரையாத கார்

இரண்டாவது தடவையும் கார் தோற்றுப்போனது.

வாகனப் பரிசோதனைக் கொட்டகையில் ஹெட்லைட்டுக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. கீழே சக்கரம், முன்னால் கண்ணாடி, மேலே ஒரு முள். விளக்குக்கு நேராக உருட்டி நிறுத்தினால், வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் முள் பச்சைக் கட்டத்துக்கு ஏறும். டார்ச் அக்காவின் காருக்கு முன்னால் அந்த முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, சிவப்புக் கட்டத்திலேயே உட்கார்ந்து, இதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆய்வாளர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பெட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. முன்னால் போன காருக்கு இதே முள் துள்ளிக் குதித்ததை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள்.

“பிரேக் நல்லா இருக்கும்மா. புகை இல்ல. பெயிண்ட் பத்திப் பேசவே வேணாம், பிரமாதம்,” என்றார் ஆய்வாளர். “இந்த ரெண்டு விளக்குதான். நாலு மணிக்குள்ள சரிபண்ணிக் கொண்டாங்க, வரிசையில நிக்க வேணாம், நேரா உள்ள விட்டுடறேன். நாலு அடிச்சா கதவைச் சாத்திடுவோம். அப்புறம் செவ்வாய்க்கிழமைதான்.”

செவ்வாய்க்கிழமை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அக்காவுக்குத் திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்குக் கார் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, மணி ஒன்றரை.

விஷயம் இதுதான். அக்கா பத்தொன்பது வருஷம் டார்ச் லைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தெருவே அவளை டார்ச் அக்கா என்று கூப்பிடுவது அதனால்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் நாலு இடத்தில் வேலை கேட்டாள். கடைசியில் பேக்கரிக்காரர் ஒரு வழி காட்டினார். விடிகாலையில் சூடான ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஏழு கடைக்கும் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் ஆறு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொந்த வண்டி வேண்டும், வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை இரண்டும் கையில் இல்லையென்றால் வேலை பக்கத்துத் தெரு வேன்காரருக்குப் போய்விடும். பேக்கரிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ரொட்டி யாருக்காகவும் காத்திருக்காது என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

வெறும் வேலை என்றால் அக்கா இவ்வளவு ஆசைப்பட்டிருக்கமாட்டாள். பத்தொன்பது வருஷமும் அவள் ஒரே ஸ்டூலில், ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவை தனியாகத் தெருமுனை வரை போய்த் திரும்பிய அன்று, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடம் நகர்கிறதே! அந்தச் சந்தோஷத்துக்குச் சம்பளமும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் யார்தான் விடுவார்கள்?

காருக்கு வயது இருபத்தெட்டு. ஒரு பல் டாக்டரின் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்ததைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். என்ஜின் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. உடம்புதான் முழுக்கத் துரு. துரு என்றால் அக்காவின் கணவருக்குக் கொண்டாட்டம். அவர் போர்டு எழுதும் பெயிண்டர். எழுதி முடித்த ஒவ்வொரு போர்டின் வலது மூலையிலும் ஒரு குட்டி எறும்பை வரைவார். அதுதான் அவர் கையெழுத்து, அதனால் ஊரில் அவருக்கு எறும்பார் என்று பெயர். வேலை மனசுக்கு முழுசாகப் பிடிக்கிறவரை எறும்பு ஏறாது. ஒரு மருந்துக்கடைக்காரர் போர்டை மாட்டி, கடையைத் திறந்து, வியாபாரமும் சூடுபிடித்து மூன்று மாதம் கழித்து, எறும்பார் ஏணியோடு போய் ஓர் எழுத்தின் கொம்பை லேசாகத் திருத்தி, எறும்பு போட்டுவிட்டு வந்த கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த மனுஷன் கையில் கார் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? நாலு மாதம், தினமும் மாலையில். மேலாக இழுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். இரும்பு எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கே துரு வரும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் போல்ட்டையும் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தைத் தேய்த்து, ஓட்டைக்குள்ளும் சுற்றிலும் இரண்டு கோட் மயில்நீலம் அடித்து, காயவிட்டு, திரும்ப மாட்டினார். கழற்றிய ஒவ்வொன்றையும், அது எங்கே இருந்தது என்று படம் வரைந்த காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். திரும்ப மாட்டியபோது ஒன்று மாறவில்லை, ஒன்று மிஞ்சவில்லை. அந்த நாலு மாதமும் அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உப்புத்தாள் நறுக்கிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தும் காரில் எறும்பு ஏறவில்லை. “இன்னும் ஏதோ ஒண்ணு குறையுது,” என்பார் எறும்பார். எது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இங்கே அக்காவின் கொழுந்தனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் பைக் மெக்கானிக். கெட்டிக்காரன், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. எது நடந்தாலும் “நான் அப்பவே சொன்னேன்” என்பான். சொல்லியிருக்கவே மாட்டான். வீட்டில் அவனுக்கு ‘அப்பவே’ என்றே பெயராகிவிட்டது. முந்தின வாரம் கார் முதல் தடவை தோற்றபோதுதான் விளக்கு மங்கல் என்பதே தெரியவந்தது; அதுவரை பகலில்தான் ஓட்டியிருந்தார்கள். விளக்கின் மூடி மஞ்சளடித்திருக்கிறது என்றான் அப்பவே. அக்கா பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். பல்பு பழசு என்றான், புதுசு மாட்டினார்கள். பேட்டரி செத்துவிட்டது என்றான். பேட்டரிக் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, இது உங்களையும் என்னையும் விட நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொன்றும் பொய்த்துப்போனபோது, “நான் அப்பவே சொன்னேனே, அதுவா இருக்காதுன்னு” என்று அசராமல் சொன்னான். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது.

அக்கா காரைக் கொட்டகைக்குப் பின்பக்கம் ஓட்டிக்கொண்டுபோய், நிழல் விழுந்த சுவரைப் பார்க்க நிறுத்தி விளக்கைப் போட்டாள். சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. வட்டம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஆறிப்போன டீயின் நிறத்தில் இரண்டு கறை, அவ்வளவுதான்.

அப்பவே பானெட்டைத் தூக்கினான். பானெட் தூக்கிய காரைக் கண்டால் ஆண்பிள்ளைகளுக்குக் கால் நிற்காது. வரிசையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். லாரி டிரைவர் ஒருவர் ஸ்விட்ச் என்றார். இன்னொருவர் ஃபியூஸ் என்றார். வண்டியே இல்லாத ஒருவர், யாருக்கோ துணைக்கு வந்தவர், பேசாமல் காரை மாற்றிவிடுங்கள் என்று யோசனை சொன்னார். அப்பவே எல்லோரையும் கையமர்த்திவிட்டு, டைனமோதான், சந்தேகமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். என்ஜினை ஓடவிட்டு உறுமவைத்தான். காது கிழிந்ததே தவிர, சுவரில் கறை கறையாகவே இருந்தது. பிறகு ஃபியூஸ் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினான். மணி இரண்டரை.

எறும்பாரோ காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். யார் காரில் கை வைத்துச் சாய்ந்தாலும், அவர்கள் நகர்ந்த அடுத்த நொடி தன் துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். ஒன்றும் சொல்லமாட்டார், துடைப்பார். அவருக்கு ஒயரும் பேட்டரியும் புரியாது. தன்னால் முடிந்ததை மனிதர் செய்துகொண்டிருந்தார்.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அப்பவே சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தாள். ஹாரனை அழுத்தினாள். சளி பிடித்தவர் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். இண்டிகேட்டர் கண் சிமிட்டும்போதெல்லாம் சுவரில் இடது பக்கத்துக் கறையும் கூடவே சிமிட்டியது. வலது இண்டிகேட்டரைப் போட்டாள். வலது பக்கத்துக் கறை சிமிட்டியது.

“தம்பி, இதைப் பாருங்க. ஏன் இது கூடவே சிமிட்டுது?”

“பழைய வண்டி அண்ணி, அப்படித்தான்,” என்றான் அப்பவே, ஃபியூஸ் பெட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்காமல். பிறகு, ரிலே ஒன்று மாற்றிப் பார்க்கலாம், வாசலில் ஒரு உதிரிபாகக் கடை இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று கைப்பையைப் போட்டுவிட்டு ஓடினான்.

அக்கா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து யோசித்தாள். தொழிற்சாலையில் அவள் மேஜைமேல் மூன்று தட்டு இருக்கும். எரிகிற டார்ச் ஒன்றில், எரியாத டார்ச் ஒன்றில், மங்கலாக எரிகிறது ஒன்றில். அக்காவின் வேலை அந்த மங்கல் தட்டு. பல்பும் நல்லது, பேட்டரியும் நல்லது, ஆனால் அழுதுவடிகிற டார்ச். பத்தொன்பது வருஷம் அதைத்தான் பார்த்தாள். பத்து டார்ச்சில் ஒன்பதில் ஒரே காரணம்தான்: பின்மூடி திருகுகிற மரையில் பெயிண்ட். டார்ச்சில் கரண்ட் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது, அதன் இரும்பு உடம்புதான் வழி. மூடி இரும்பைத் தொட வேண்டிய இடத்தில் பெயிண்டைத் தொட்டால், கரண்ட் இண்டு இடுக்கில் நுழைந்து கொஞ்சமாக வரும். டார்ச் அழுதுவடியும். பெயிண்ட் பிரிவுக்காரர்களை இதற்காக அவள் திட்டாத திட்டு இல்லை.

காரும் அதே கதைதானே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளக்குக்குப் போக ஒயர் உண்டு. திரும்பி வர உடம்புதான் வழி. இண்டிகேட்டரும் அதே வழியில் திரும்புவதால்தான் விளக்கும் கூடவே சிமிட்டுகிறது.

அவள் இறங்கி முன்பக்கம் போய்க் குனிந்தாள். இடது விளக்கின் ஓரத்தில் ஒரு கறுப்பு ஒயர் வந்து, நுனியில் ஒரு வளையத்தோடு, போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. வளையத்துக்குக் கீழே, சுற்றிலும், போல்ட்டின் இடுக்கு வரைக்கும் மயில்நீலம். ஒரு சொட்டை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

அப்பவேயின் பையில் இருந்து ஒரு முழம் ஒயரை எடுத்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்பு டெர்மினலில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் அந்த வளையத்தைத் தொட்டாள். சுவரில் இடது பக்கத்துக் கறை பளீரென்று வெள்ளை வட்டமானது. சுவரின் சுண்ணாம்பு விரிசல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அக்கா சட்டென்று ஒயரை இழுத்துக்கொண்டாள்.

ஓ என்று கத்தியிருப்பாள். கத்தமுடியாமல் போனதற்குக் காரணம், அதே நேரத்தில் காரின் பின்னாலிருந்து எறும்பாரின் குரல் கேட்டதுதான். ஒரு டாக்ஸிக்காரர் அவரிடம் பெயிண்டைப் பற்றி விசாரித்திருக்கிறார். நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. மனிதர் மலர்ந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கார்ல ஒரு நகக்கண் அளவுக்குக்கூட இரும்பு வெளிய தெரியாது. போல்ட்டைக் கழட்டிப் பாருங்க, அதுக்கு அடியிலயும் பெயிண்ட் இருக்கும்.”

இருக்கிறதே, அதுதானே வினை. சோம்பேறிப் பெயிண்டர் ஒருவன் போல்ட்டைக் கழற்றாமல் மேலாக அடித்துவிட்டுப் போயிருந்தால், விளக்கு ஜம்மென்று எரிந்திருக்கும். இந்த மனுஷன் ஒருவரால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்யமுடியும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உப்புத்தாள் நறுக்கிக் கொடுத்த டார்ச் அக்கா ஒருத்தியால்தான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருக்கமுடியும். அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவர் கோபப்படுவார் என்று அவள் பயப்படவில்லை. கோபப்படத் தெரியாத ஆள். எதுவும் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நிற்பார். அதைத்தான் அவளால் தாங்கமுடியாது. நாலு மாதமும் யாருக்காக அடித்தார்? இவள் ரொட்டி ஏற்றிக்கொண்டு போகிற வண்டி நாலு பேர் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்றுதானே. அத்தனை பேர் முன்னால், உங்கள் பெயிண்டால்தான் என் வேலை போகப்பார்த்தது என்று எந்த வாயால் சொல்வாள்? அவருக்குத் தெரியாமல் சுரண்டிவிட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தாள். மணி மூன்று.

“என்னங்க, தலை வலிக்குது. ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்.”

எறும்பார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருபத்துநாலு வருஷத்தில் அவள் தலைவலி என்று சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனாலும் போனார்.

அப்பவே ரிலேயோடு திரும்பி வந்தான். அக்கா இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயைத் திறந்து “நான் அப்ப...” என்றான். அக்கா பார்த்த பார்வையில் மீதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது. ஸ்பேனர் போட்டு போல்ட்டைக் கழற்றினான். வளையத்தைத் தூக்கினால், அடியில் மயில்நீலம் கண்ணாடி மாதிரி மின்னியது. அக்கா பையிலிருந்த கத்தியை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். கை வரவில்லை. கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு கீறல் போட்டாள்.

“அங்க டீ தீர்ந்துடுச்சாம். காப்பி வாங்கட்டுமான்னு கேக்க வந்தேன்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு, “என்ன பண்ற?”

அப்பவே வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றான். கத்தியும் கையுமாகப் பிடிபட்டபிறகு எதை மறைப்பது? அக்கா நேராகவே சொன்னாள்.

“விளக்கு மங்கலுக்கு இதுதாங்க காரணம். இந்த வளையம் இரும்பைத் தொடணும். இது பெயிண்டைத் தொட்டுக்கிட்டு இருக்கு.”

வாயால் சொன்னால் அவருக்குப் புரியாது என்று ஒயரை எடுத்து வளையத்தில் வைத்துக் காட்டினாள். சுவர் வெளுத்தது. எடுத்தாள். சுவரில் அந்தப் பக்கம் அணைந்தே போனது. போல்ட் கழன்றபிறகு அந்தக் கொஞ்ச வெளிச்சத்துக்கும் வழியில்லை. மறுபடி வைத்தாள். எறும்பார் சுவரைப் பார்த்தார், போல்ட் இருந்த இடத்தைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

“அப்ப தலைவலி?”

“இல்ல.”

எறும்பார் குனிந்தார். மூக்கு தொடுகிற தூரத்தில் வைத்து அந்தக் கீறலைப் பார்த்தார்.

“இந்த எடத்துல ரெண்டு கோட் இல்ல, மூணு,” என்றார். “மூலையாச்சே, ஈரம் தங்குமேன்னு தனியா ஒண்ணு அடிச்சேன்.” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். அவர் அவளை நோக்கிக் கையை நீட்டினார். “கத்தியைக் குடு. நீ கிறுக்கினா கிறுக்கலாத்தான் இருக்கும். வட்டமா எடுக்கணும்.”

வளையத்தை அந்த இடத்தில் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே மட்டும், மயிரிழை வெளியே போகாமல், நீலத்தைச் செதில் செதிலாக எடுத்தார். அடியில் இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. போல்ட்டின் மரையை அக்கா உப்புத்தாளால் தேய்த்தாள். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போல்ட்டை முடுக்கியதும் ஒயர் வைக்காமலே சுவரில் இடது வட்டம் வெள்ளையாக விழுந்தது. பக்கத்தில் வலது வட்டம் இன்னும் டீக்கறையாகவே நின்றது. ஒரு கண் மட்டும் விழித்துக்கொண்ட காரைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

இன்னும் எங்கெங்கே இப்படி இருக்கிறதோ, தேடவே நேரம் போதாதே என்று அப்பவே தலையைச் சொறிந்தான். எறும்பார் நிமிரக்கூட இல்லை. கறுப்பு ஒயர் வளையம் மொத்தம் மூன்று என்றார். வலது விளக்கின் ஓரத்தில் இதே உயரத்தில் ஒன்று, ஹாரனுக்கு அடியில் ஒன்று. படம் வரைந்து வைத்த காகிதம் வீட்டில் இருந்தாலும் படம் அவர் தலைக்குள் இருந்தது. சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே இருந்தன. அவர் சுரண்ட, அக்கா தேய்க்க, அப்பவே முடுக்க, கடைசி போல்ட் முடிந்தபோது மணி மூன்று ஐம்பது.

கொட்டகைக் கதவை ஒருவர் பாதி இழுத்துவிட்டிருந்தார். அக்கா அந்தப் பாதியில் காரை நுழைத்தாள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் பெட்டியை உருட்டிவந்தார். இடது விளக்குக்கு நேராக நிறுத்தினார். முள் ஒரே தாவலில் பச்சைக்குப் போய், அங்கேயும் நிற்காமல் கடைசி வரைக்கும் போனது. வலது விளக்குக்கும் அதேதான். ஆய்வாளருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, ஹாரனையும் அடிக்கச் சொன்னார். சற்றுமுன் செருமிய ஹாரன் இப்போது தொண்டையைத் திறந்து ஒரு பிடி பிடித்ததில், மேஜையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“அப்படி என்னம்மா மாத்தினீங்க?”

அக்கா என்ன சொல்லலாம் என்று தேடினாள். ஒயர் லூஸாக இருந்தது என்று சொல்லிவிடலாமா? அதற்குள் எறும்பார் முன்னால் வந்துவிட்டார்.

“ஒண்ணும் மாத்தலை சார். என் பெயிண்டைக் கொஞ்சம் சொரண்டினோம்.” கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்த டாக்ஸிக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “நான் ரொம்ப நல்லா அடிச்சுட்டேன். கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி.”

கொட்டகையே சிரித்தது. ஆய்வாளர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது. அப்பவேக்கு இதற்கு மேல் பொறுக்கமுடியவில்லை.

“நான் அப்பவே சொன்னேன்.”

“என்னன்னு?” என்றாள் அக்கா.

அவன் ஒரு நொடி திணறினான். “அண்ணியைக் கேளுங்கன்னு.”

வீட்டுக்கு வந்ததும் எறும்பார் செய்த முதல் வேலை, மூன்று போல்ட்டின் மேலும் துருப்பிடிக்காமலிருக்க வாஸ்லின் பூசியதுதான். வெறும் இரும்பை வைத்துக்கொண்டு அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. வாரம் ஒருமுறை தானே துடைத்துப் பூசிவிடுவதாகச் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காரைச் சுற்றி வந்தார், ஒன்றும் பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. மனசில் என்ன ஓடுகிறதோ, பழையபடி அந்தக் குறை பெரிதாகிவிட்டதோ என்று அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை அவள் நாலு மணிக்கு எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. வாசலில் நடமாட்டம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து கடைசி நாளன்று கொண்டுவந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் இன்னும் இருட்டு. எறும்பார் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஆயிலும் தண்ணீரும் பார்க்கலாம் என்று அக்கா பானெட்டைத் தூக்கி டார்ச்சை அடித்தாள்.

இடது விளக்கின் ஓரத்தில், போல்ட்டின் வளையத்தைச் சுற்றி, மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. இந்தக் கோட்டுக்குள் பெயிண்ட் வரக்கூடாது என்பதற்கு அடையாளம். கோட்டுக்கு வெளியே, வலது பக்கத்தில், ஒரு குட்டி எறும்பு. ஆறு காலும் கோட்டைத் தாண்டாமல், தலையை மட்டும் வெறும் இரும்பின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

அக்கா ஆயில் பார்க்க வந்ததே மறந்துபோய், கொஞ்ச நேரம் அந்த எறும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நினைவு வந்து ஆயிலையும் தண்ணீரையும் பார்த்து, பானெட்டை மெதுவாக, அதிராமல் மூடினாள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி, விளக்கைப் போட்டாள்.

தெருவின் கடைசி வீடு வரைக்கும் வெளிச்சம் ஓடியது. கேட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பிய எறும்பார் நடுவெளிச்சத்தில் அகப்பட்டுக்கொண்டார். கையில் மஞ்சள் பிரஷ், சட்டையில் மஞ்சள், மூக்கு நுனியிலும் கொஞ்சம் மஞ்சள். அவர் முழங்கையால் கண்ணை மறைத்தார்.

“கண்ணு கூசுது. டிம் பண்ணு.”

“மாட்டேன். அப்படியே நில்லுங்க, பார்த்துக்கிறேன்.”

“ரொட்டி காத்திருக்காதும்மா,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே, நகராமல்.

“ஒரு நிமிஷம் காத்திருக்கும்,” என்றாள் அக்கா.